பகலில் தெரியாத அருந்ததி

இஞ்சாருங்கோ,

உங்களுடைய நட்சத்திரப் படத்தில் இன்று காலை சந்தனம் மணக்கிறது. இத்தனை வருடமும் அதில் அலுமாரிப் பூச்சி உருண்டையும் நீங்கள் வேலை செய்த அச்சகத்து மையும்தான் மணத்தன. நேற்று உங்கள் மகளுக்குக் கல்யாணம். சந்தனம் காயாத கையாலே அவள் படத்தைப் பிடித்தாள். வட்டத்தின் ஓரத்தில் அவளுடைய விரல் அடையாளம் மஞ்சளாய்க் கிடக்கிறது. நான் அதைத் துடைக்கப் போவதில்லை.

வீடு, சந்தை கலைந்த இடம் மாதிரிக் கிடக்கிறது. சோற்றுக் கிடாரங்கள் கழுவப்படவில்லை, வாழைக்குலைகள் வாசலில் வாடுகின்றன, சனம் இருக்கக் கூலிக்கு எடுத்த கதிரைகளைத் திருப்பி ஏற்ற இன்னும் ஆள் வரவில்லை. உங்கள் அக்கா நேற்றே புறப்பட்டுப் போய்விட்டார், என்னிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் அல்ல, ஒரு சொல்லு நன்றாகவே சொல்லிவிட்டுத்தான். கல்யாண வீட்டில் நான் விளக்கை அணைத்துவிட்டேனாம். அணைத்தேன்தான். இல்லை என்று யார் சொன்னது?

எங்களுடைய கல்யாணத்திலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் கதையை எத்தனை தரம் சொன்னாலும் நீங்கள் புதிதாகக் கேட்பதுபோல் கேட்பீர்கள்.

ஊரில் மின்சாரம் இல்லாத காலம் அது. அச்சுவேலிக் கோயிலில் தாலி கட்டி முடிந்ததும் ஐயர் எங்களை வெளிவீதிக்குக் கூட்டி வந்து வடக்குப் பக்கம் கையைக் காட்டினார். மாப்பிள்ளை பொம்பிளைக்கு அருந்ததி காட்ட வேண்டும், இரண்டு பேரும் தெரியுது என்று சொல்ல வேண்டும். வெயில் கொளுத்துகிற பகலில் எந்த நட்சத்திரம் தெரியும்? ஆனாலும் கல்யாணம் கட்டின எல்லாரும் அண்ணாந்து பார்த்து "ஓம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள். நீங்கள் மட்டும் நெற்றியில் கையை வைத்து, கண்ணைச் சுருக்கி, நல்ல நேரமெடுத்துத் தேடினீர்கள். அந்த நாளில் நாங்கள் வானத்தைப் பார்ப்பதே குண்டு போடுகிற பொம்மர் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று அறியத்தானே. மாப்பிள்ளை இப்படித் தேடுவதைக் கண்டு சனமும் பயந்து அண்ணாந்து பார்த்தது. ஒரு பெரியவர் பதுங்கு குழி எந்தப் பக்கம் என்றும் விசாரித்துவிட்டார்.

"இல்லை ஐயா. எனக்குத் தெரியேல்லை" என்றீர்கள்.

உங்கள் அம்மா நெஞ்சில் கை வைத்தா. ஐயர் எச்சிலை விழுங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, உமக்குத் தெரியுதோ?" எனக்கு உங்கள்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. முதல் நாளே சபையில் இப்படி ஒரு வேலையா என்று. ஆனாலும் பொய் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. "அவருக்குத் தெரியாதது எனக்கு எப்பிடி ஐயா தெரியும்?" என்றேன். சனம் அதைக் கேட்டு உருகிவிட்டது! "இதல்லோ பொம்பிளை, புருசன் சொல்லுக்கு மறுசொல்லு இல்லை" என்று உங்கள் அக்காவே என் கன்னத்தைத் தடவினா. நான் ஐயரை எதிர்த்துக் கதைத்தேன் என்று அந்த இடத்தில் உங்களுக்கு மட்டும்தான் விளங்கியது. நீங்கள் மாலைக்குள்ளே முகத்தைப் புதைத்துச் சிரித்தீர்கள். அன்றைக்கு உங்களைப் பிடித்துப்போனது எனக்கு.

"உமக்கு ஒருநாள் உண்மையான அருந்ததியைக் காட்டுவன்" என்றீர்கள். அதற்குப் பிறகு இடம்பெயர்ந்தோம், திரும்பி வந்தோம், தர்சி பிறந்து நடக்கத் தொடங்கினாள். சண்டையால் மூடிக் கிடந்த பாதை திறந்த பிறகுதான் லண்டனில் இருந்த உங்கள் அண்ணை ஒரு பொதி அனுப்பினார். பிள்ளைக்குச் சட்டைகள், சொக்கிலேற்று, அடியில் மடித்து வைத்த இந்தப் படம். நாலு வட்டங்கள், நாலு காலத்து வானம். நீங்கள் சொக்கிலேற்றைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, படத்தை விறாந்தை மேசையில் விரித்து, அச்சகத்தில் பிழை திருத்தப் புரூவ் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டீர்கள்.

உங்களுக்கு உலகத்தில் அச்சடித்த எதிலும் பிழை இருக்கும். கல்யாணக் கார்டை வாசிக்கும்போதே பேனையை எடுக்கிற ஆள் நீங்கள். அன்றைக்கும் எடுத்தீர்கள். "இஞ்சாரும், இங்கை வந்து பாரும். உலகத்துக்கே தெரிஞ்ச கிழக்கையும் மேற்கையும் மாத்தி அடிச்சிருக்கிறாங்கள்! லண்டனிலை எண்டால் என்ன, வேலையைக் கவனமாச் செய்யத் தெரியாதோ?" என்று திட்டிக்கொண்டு, சிவப்பு மையால் இரண்டையும் வெட்டி மாற்றி எழுதினீர்கள். அது போதாதென்று, ஒரு நட்சத்திரத்தோடு ஒட்டிக் கிடந்த சின்னப் புள்ளியை மை தெறித்தது என்று சொல்லி சவர பிளேட்டால் சுரண்டியும் விட்டீர்கள்.

அன்று பொழுதுபட்டதும் மொட்டை மாடிக்குப் போனோம். நீங்கள் படத்தை முழங்காலில் வைத்து டோர்ச் அடித்துப் பார்த்தீர்கள். ஒன்றும் பொருந்தவில்லை. சிவப்பு மையால் திருத்திய பிறகும் பொருந்தவில்லை. நீங்கள் அச்சடித்தவனின் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டிருக்க, நான் தர்சியை மடியில் போட்டபடி பாயில் மல்லாந்து படுத்து, படத்தை வாங்கி முகத்துக்கு மேலே பிடித்தேன். வடக்கை வடக்குப் பக்கம் வைத்தேன். கிழக்கு தன்பாட்டில் கிழக்குப் பக்கம் போய் நின்றது.

"இஞ்சாருங்கோ, இது நிலத்தைப் பாக்கிற படமில்லை. தலைக்கு மேலை பிடிச்சுப் பாக்கிற படம். அச்சடிச்சவன் சரி. நீங்கள்தான் பிழை."

நீங்கள் பக்கத்தில் படுத்துப் பார்த்தீர்கள். பிறகு, "வாழ்க்கையிலை முதல் தரம் ஒரு புரூவ் என்னைத் திருத்திப்போட்டுது" என்றீர்கள்.

அதற்குப் பிறகு வடக்கே பனைகளுக்கு மேலே சப்தரிஷிகளின் ஏழு நட்சத்திரமும் கவிழ்த்த அகப்பைபோல் நிற்பதைப் பிடித்துவிட்டோம். கைப்பிடியில் நடு நட்சத்திரம் வசிட்டர். அதோடு ஒட்டிக்கொண்டு, மங்கலாய், சின்னதாய் இன்னொன்று. "அங்கை ரெண்டு கிடக்கு" என்றேன். நீங்கள் படத்தைப் பார்த்தீர்கள். அந்த இடத்தில் பிளேட் கீறல்தான் இருந்தது. அருந்ததியைத்தான் அழுக்கென்று சுரண்டி எடுத்திருந்தீர்கள், மனுசா! நான் சிரித்த சிரிப்பில் பிள்ளை எழும்பி அழத் தொடங்கிவிட்டாள்.

ஆனால் உங்களுக்கு அது தெரியவேயில்லை. ஈய எழுத்தைப் பார்த்துப் பார்த்தே பழுதான கண் உங்களுடையது. கண்ணாடி மாற்றியும் பார்த்தீர்கள். ஒவ்வொரு வைகாசியிலும் ஏறிப் படுப்போம், ஒவ்வொரு வைகாசியிலும் "எனக்கு ஒண்டுதான் தெரியுது" என்பீர்கள். "சும்மா ஒருக்கால் ஓம் எண்டு சொல்லுங்கோவன், எனக்காக" என்று ஒருமுறை கெஞ்சியும் பார்த்தேன். "உம்மட்டைப் போய்ப் பொய் சொல்லுறதெண்டால் அண்டைக்கே ஐயரிட்டைச் சொல்லியிருப்பனே" என்றீர்கள். அவ்வளவுதான். பிறகு நான் கேட்கவில்லை.

தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் கடைசியாக இருந்தபோதும் இதையேதான் கதைத்தீர்கள். "தர்சியின்ரை கலியாணத்திலை அருந்ததியை நான்தான் காட்டுவன் எண்டிருந்தன். எனக்கு இடம் தெரியும், உமக்கு ஆளைத் தெரியும், ரெண்டு பேருமாச் சேந்து காட்டலாம் எண்டு. இனி நீர்தான் காட்டோணும்." சேலைன் ஏறுகிற கையால் என் விரலைப் பிடித்தீர்கள். "ஆர் மறிச்சாலும் நில்லாதையும்." அப்போது யார் மறிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். பெற்ற தாய்க்கு அந்த உரிமைகூடவா இல்லை என்று நினைத்தேன்.

அதுகூட இல்லைத்தான். நாள் வைத்த அன்றே உங்கள் அக்கா விறாந்தையில் இருந்து எல்லாவற்றையும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார். "தாலிக்குப் பொன்னுருக்கலிலை இருந்து ஆரத்தி மட்டும் நான் பாக்கிறன். தாரை வாக்கிறது உன்ரை தம்பியும் பெண்சாதியும். நீ அடுப்படியைப் பார். மண்டபத்திலை கொஞ்சம் பின்னுக்கு இரு. குறை நினையாதை, பிள்ளைக்கு நல்லதுக்குத்தானே சொல்லுறன்."

"அருந்ததி?" என்று கேட்டேன்.

"அதை ஐயர் காட்டுவார்."

"உங்கடை தம்பி என்னைக் காட்டச் சொன்னவர், மச்சாள்."

"உனக்கென்ன விசரே? அருந்ததி காட்டுறதெண்டால் கழுத்திலை தாலி கிடக்கிறவள் வேணும். என்ரை தம்பி விட்டிட்டுப் போன ஒரே பிள்ளையடி அது. அவளுக்கு ஒண்டு நடந்தால் நீ தாங்குவியோ?" சொல்லும்போது அவர் கண் கலங்கியது. உங்கள் அக்காவுக்குப் பாசம் இல்லை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். நீங்கள் படுக்கையில் கிடந்தபோது என்னோடு மாறி மாறி நித்திரை முழித்தவர். ஆனால் அந்தப் பாசத்தை வைத்துக்கொண்டே என்னை அடுப்படிக்குள் தள்ளினால் நான் அடுப்படிக்குள் போவேனா? உங்களைப் பறிகொடுத்தது நான். அதற்குத் தண்டனையும் எனக்கா? இந்தக் கணக்கு எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை.

தர்சி அறைக்குள் இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் உங்களைப்போல. சபை கூடும்வரை வாயைத் திறக்கமாட்டாள்.

நேற்றுக் காலை மண்டபத்தில் நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். சண்டை போட்டுக் கல்யாணத்தைக் குழப்பக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். என் தம்பி தாரை வார்த்தபோது அந்தத் தண்ணீரை நான் தலைகள் இடுக்கால்தான் பார்த்தேன். அம்மி மிதித்து முடிந்ததும் ஐயர் கையை உயர்த்தினார். குளிரூட்டின மண்டபம், மேலே ஒட்டுப்பலகைக் கூரையும் பூ வேலையும். வீடியோக்காரன், "அண்ணை, மேலை சுத்துற அந்த ரெண்டாவது ஃபானைப் பாருங்கோ, அக்கா, நீங்களும். சிரிச்சுக்கொண்டு பாருங்கோ" என்றான்.

"அருந்ததி தெரியுதோ பிள்ளை?" என்று ஐயர் கேட்டார்.

"இல்லை ஐயா" என்றாள் உங்கள் மகள். மைக் அவளுக்குக் கிட்ட இருந்தது. "இதிலை ஃபான்தான் தெரியுது. பொழுதுபட அம்மா காட்டுவா."

மண்டபம் முழுக்க அது போய்விட்டது. கொடிகாமத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் ஆளை ஆள் பார்த்தார்கள். உங்கள் அக்கா முன்வரிசையில் எழும்பியே விட்டார். ஐயர் இளம் பொடியன், பாவம், மணிக்கூட்டைப் பார்த்தார். "தெரிஞ்ச மாதிரி வைச்சுக்கொண்டு அடுத்ததுக்குப் போவம், ராகுகாலம் கிட்டுது" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவ, புருசனை நினைத்து அழுகிறேன் என்று முதுகைத் தடவிவிட்டா. அதுவும் பொய்யில்லை.

பொழுதுபட்டதும் பொம்பிளையும் மாப்பிள்ளையும் வீட்டில் இருந்தார்கள். மழையில்லை, சோளகக் காற்று முகிலையெல்லாம் அள்ளிக்கொண்டு போயிருந்தது, மேற்கில் மெல்லிய பிறை. நான் அலுமாரியைத் திறந்து படத்தை எடுத்துக்கொண்டு, "வாங்கோ பிள்ளையள்" என்றேன். மருமகன் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு முன்னுக்கு வந்தார். ஆனால் மாடியில் ஏறினால் வானம் எங்கே? கூரைவிளிம்பு முழுக்கச் சோடினை பல்பு, வாசலில் இரண்டு பெரிய லைட், சிவப்பும் பச்சையுமாய் ஓடுகிற கொடி லைட். அகப்பை நட்சத்திரங்களே வெளிறிப்போய் நின்றன. அருந்ததிக்கு அதில் இடமே இல்லை.

நான் கீழே இறங்கினேன். மீற்றர்ப் பெட்டியைத் திறந்து, பியூஸைக் கழற்றி மடியில் சொருகினேன்.

கல்யாண வீடு கும்மென்று இருண்டது. சின்னப்பிள்ளைகள் கத்தினார்கள், அடுப்படியில் எதுவோ விழுந்தது, "ஜெனரேற்றர் எங்கை?" என்று ஒருவர் கேட்டார். உங்கள் அக்கா படிக்கட்டின் அடியில் கையை விரித்து மறித்தார். "கலியாண வீட்டை இருட்டாக்கிப்போட்டியேடி! மங்கல நாளிலை விளக்கணைக்கிறாளே! அதுவும் ஒரு…"

அந்தச் சொல்லை அவரால் முடிக்க முடியவில்லை. நான் முடித்துக் கொடுத்தேன்.

"தாலியறுத்தவள். சொல்லுங்கோ மச்சாள், என்ன கூச்சம்? ஓம், அறுத்தவள்தான். உங்கடை தம்பி செத்துப்போனார், நான் கொல்லேல்லை. ரெண்டு வருசமா எந்த நல்ல காரியத்துக்கும் சுவரோரமா நிண்டு பாத்தனான், இண்டைக்கு நிக்கமாட்டன். நான் பெத்த பிள்ளைக்கு என்ரை கண் பட்டால் கூடாதோ? அப்ப இருபத்தெட்டு வருசமா ஆர் அவளைப் பாத்தது? வழி விடுங்கோ. விடாட்டியும் போவன்."

இருட்டில் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. கையை எடுத்தார்.

மாடியில் மருமகன் பாயில் இருந்து, போன் வெளிச்சத்தில் படத்தை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாமி, கிழக்கும் மேற்கும் மாறிக் கிடக்கு. ஆரோ சிவப்பாலை திருத்தியும் இருக்கினம்" என்றார். நீங்கள் இருந்திருந்தால் அவரைக் கட்டிப்பிடித்திருப்பீர்கள். நான் போனை வாங்கி அணைத்துவிட்டு, இரண்டு பேரையும் மல்லாந்து படுக்கச் சொன்னேன். பட்டுவேட்டியும் கூறைச் சேலையுமாய்ப் படுத்தார்கள். மருமகன் கொஞ்ச நேரத்தில் கண்டுவிட்டார். "ஓம் மாமி, பக்கத்திலை சின்னனா ஒண்டு!" என்றார்.

தர்சி படத்தைப் பிடித்தாள், விட்டாள், கண்ணைக் கசக்கினாள். "எனக்கு ஒண்டுதான் தெரியுது, அம்மா."

அது உங்கள் குரல். கீழே சத்தம் கூடிக்கொண்டே வந்தது. "லைட்டைப் போடுங்கோ", "பியூஸ் எங்கை", "பெரியவைக்குச் சாப்பாடு குடுக்கோணும்". என் தம்பி பாதிப் படியில் நின்று, "அக்கா, இவ்வளவும் காணும், தெரிஞ்சதெண்டு சொல்லிப்போட்டு இறங்குங்கோ" என்றான். அவனும் நல்ல மனதோடுதான் சொன்னான். தர்சி என்னைப் பார்த்தாள். ஒரு "ஓம்" சொல்லியிருந்தால் எல்லாருக்கும் லேசாய்ப் போயிருக்கும், அவள் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

"என்ரை பிள்ளைக்குத் தெரியுமட்டும் லைட் வராது" என்று கீழே கேட்கச் சொன்னேன். "பசிச்சவை இருட்டிலை சாப்பிடுங்கோ. முந்தி வருசக்கணக்கிலை சாப்பிட்டனாங்கள்தானே."

பிறகு அவளுக்குப் பக்கத்தில் படுத்தேன். புதுத் தாலிக்கொடி என் தோளில் பட்டது. நான் விலகவில்லை. "நேரை பாக்காதை. வசிட்டரிலை இருந்து கொஞ்சம் தள்ளி, சும்மா வெறும் இடத்தைப் பார். அவசரப்படாதை. கண் இருட்டுக்குப் பழகட்டும்." காற்று பனை ஓலையைப் போட்டு உலுக்கியது. கீழே சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. சனமும் முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்க்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

"அம்மா…" என்றாள். என் கையை நோகப் பிடித்தாள். "ரெண்டு. அம்மா, ரெண்டு!"

நீங்கள் மல்லாந்து தேடிய வானத்துக்குக் கீழேதான் அவள் அதைக் கண்டாள். உங்கள் கண்ணுக்குக் கடைசிவரை கிடைக்காததை உங்கள் மகள் கண்டுவிட்டாள். நான் வாய்விட்டு அழுதேன், வெட்கப்படாமல், கல்யாண வீட்டில்.

பியூஸை நானே திரும்பப் போட்டேன். வெளிச்சம் வந்ததும் உங்கள் அக்கா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "இனி உன்னை ஆர் ஒரு கலியாணத்துக்குக் கூப்பிடப்போகினம் எண்டு பாப்பம்" என்று சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினார். சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். வாங்கிக்கொண்டுதான் போனார்.

நீங்கள் எனக்கு விட்டுப்போனது காணியுமில்லை, நகையுமில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல வராத ஒரு வாயைப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதனால் எனக்கு நல்ல பெயர் கிடைக்காது. கிடைக்காவிட்டால் போகட்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. மருமகனின் சின்னம்மா, கொடிகாமத்திலிருந்து. முப்பது வயதில் புருசனைப் பறிகொடுத்தவ, நேற்று மாடிப்படியில் பின்னுக்கு நின்று பார்த்தவவாம். மகளுக்கு ஆவணியில் கல்யாணம். "அக்கா, நீங்கள் வந்து என்ரை பிள்ளைக்கும் அருந்ததி காட்டுவியளோ?" என்று, யாருக்கோ கேட்டுவிடும் என்பதுபோல் மெதுவாய்க் கேட்டா.

"மாட்டன்" என்றேன். "நான் ஏன் காட்டவேணும்? உம்மடை பிள்ளைக்கு நீர் காட்டும். ஆவணியிலை வடமேற்கிலை கெதியா இறங்கிவிடும், பொழுதுபட்ட உடனை பாக்கவேணும். படம் என்னட்டைக் கிடக்கு, வாரும், எப்பிடிப் பிடிக்கிறதெண்டு பழக்கிவிடுறன்."

"நான் எங்கை அக்கா நிக்கிறது?" என்று கேட்டா.

"பிள்ளைக்குப் பக்கத்திலை" என்றேன்.